கழுத்து வலி என்று சொல்லிவிட்டுப் போனேன்

கதவு திறந்தது. உள்ளே இருந்து ஞானப்பிரகாசம் வெளியே வந்தார்.

கடலூரில் ஒரு மாடிக் கட்டடம். கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, மேலே மனநல ஆலோசகரின் அறை. அறைக்கு வெளியே ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில், நாளிதழை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். படிக்கவில்லை. அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் யாரும் படியேறி வந்துவிடக் கூடாதே என்ற கவலை. தெரிந்தவர் உள்ளேயே இருப்பார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

நெய்வேலியில் எங்கள் செக்‌ஷனில் ஞானப்பிரகாசத்தின் குரலைக் கேட்காதவர் கிடையாது. வெல்டர். திருநெல்வேலிக்காரர். கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதே சத்தத்தில் பேசுகிற மனிதர். அன்றைக்கு அவர் கண்கள் சிவந்திருந்தன. கையில் நனைந்த கைக்குட்டை. என்னைப் பார்த்ததும் அதை அவசரமாகப் பேன்ட் பைக்குள் திணித்தார்.

"என்னவே தண்டபாணி, இங்க?"

"சொந்தக்காரரு ஒருத்தரக் கூட்டிக்கினு வந்தேன். உள்ள போயிருக்காரு."

உள்ளேயிருந்துதான் அவரே வருகிறார். உள்ளே வேறு நோயாளி யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"நானும் அப்படித்தான்," என்றார் ஞானப்பிரகாசம். குரல் மிக மெதுவாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆலோசகர் வாசலுக்கு வந்து, "தண்டபாணி சார், வாங்க," என்று கூப்பிட்டார்.

மூன்று முறை கிழித்தது

இந்தத் தொடரில் இதுவரை சுரங்கத்து ராட்சத இயந்திரங்களைப் பற்றி எழுதினேன். குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதினேன். முதல் ஷிஃப்டுக்கு வரிசையாகப் போகும் சைக்கிள்களைப் பற்றியும், ஓட்டு மேல் ஏறி நின்று அகவும் மயில்களைப் பற்றியும் எழுதினேன். எல்லாம் சுலபமாக வந்தது. இந்த அத்தியாயத்தை மட்டும் மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். 'மனநல ஆலோசகரிடம் போனேன்' என்று முதல் வரியை எழுதியதும், பழைய நண்பர்களின் முகங்கள் வரிசையாகக் கண்முன் வந்து நின்றுவிடும்.

என் மனைவி தனம்தான் சொன்னாள். "எழுதுங்க. என் பேரையும் போட்டுக்கோங்க. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டிடணும்."

காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள். ஓரிடத்தில் அவளை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டேனாம்.

வேலு

வேலு, தனத்தின் தம்பி. அவளைவிடப் பதினான்கு வயது சின்னவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், எங்களுக்குக் கல்யாணமான கையோடு அவனும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டான். டவுன்ஷிப் பள்ளியில் படித்தான். வளர்ந்த பிறகு குள்ளஞ்சாவடி ஜங்ஷனில் செல்போன் ரிப்பேர் கடை வைத்தான். எங்கள் மகள் கவிதா பிறந்தபோது தனம் அவளைத் தன் இரண்டாவது பிள்ளை என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள்.

வேலுவுக்கு முப்பது தாண்டியதும் பெண் தேட ஆரம்பித்தோம். நெல்லிக்குப்பத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தெரிந்தவர் சொன்னார். போவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை தனத்துக்கு நல்ல காய்ச்சல். வேலுவும் நானும் மட்டும் என் பைக்கில் போனோம். பெண்ணைப் பார்த்தோம், கிளம்பினோம். இன்னும் வெயில் இருந்தது. பண்ருட்டி சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கம் போய் மோதினேன். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வேலு ஆம்புலன்ஸிலேயே போய்விட்டான்.

"நாய் குறுக்க வந்துட்டுது." போலீஸிடம் இதைத்தான் சொன்னேன். டாக்டரிடம், உறவுக்காரர்களிடம், துக்கம் கேட்க வந்த ஷிஃப்ட் ஆட்களிடம், தனத்திடம். எல்லோரும் தலையாட்டினார்கள். டவுன்ஷிப்பிலும் வெளியிலும் நாயால் விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

தனம் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பொண்ணு புடிச்சிருக்குன்னு சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். கவிதாவின் படிப்பு, வேலை, கல்யாணம் பற்றிப் பேசினோம். வேலுவின் படம் ஹாலில் மாட்டியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

மெயின் பஜாரில்

ஒரு பொங்கல் சமயம். மெயின் பஜாரில் மஞ்சள் கொத்தும் கரும்புமாகக் குவித்திருந்தார்கள். வேலு போன பிறகு பண்டிகைக்குக் கரும்பு வாங்குவதை நாங்களாகவே நிறுத்தியிருந்தோம். அந்த வருடம் கவிதாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று தனம் என்னை அனுப்பினாள். கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்து உருவினார். தோகை சரசரத்தது. அவ்வளவுதான், என் நெஞ்சை யாரோ இரண்டு கையாலும் பிடித்துப் பிழிவது போல் இருந்தது. மூச்சு வரவில்லை. உள்ளங்கை ஈரமாகி, காது அடைத்து, பஜாரின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. இதுதான் முடிவு என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதாவது அடைப்பு இருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அடைப்பு என்றால் நாலு பேரிடம் சொல்லலாம்.

அதன் பிறகு அது எங்கே வேண்டுமானாலும் வந்தது. ஒரு நாள் சுரங்கத்தில், கன்வேயர் ஓரத்து நடைபாதையில் வந்துவிட்டது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்கள் வெயில் என்றார்கள். நானும் வெயில்தான் என்றேன். இன்னும் இரண்டு தரம் இப்படி ஆனால் என்னைச் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். விடக் கூடாதுதான்.

மறுபடி டாக்டரிடம் போனேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "மனசுல ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

அவர் ஒரு சீட்டில் கடலூர் முகவரி ஒன்றை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நாலு மாதம் என் ஹெல்மெட்டின் உள்பட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். வியர்வையில் எழுத்து ஊறி, மொத்தமாக அழியப் போகும் கட்டத்தில்தான் போனேன்.

தனத்திடம் கழுத்து வலி என்று சொன்னேன். கடலூரில் ஒரு பிசியோதெரபிக்காரர் நன்றாகப் பார்க்கிறார், வாரா வாரம் புதன்கிழமை வார ஓய்வில் போய் வருகிறேன் என்றேன். அவள் நம்பினாள். அன்றிலிருந்து தினமும் மாலையில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, நீலகிரித் தைலத்தைக் கழுத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டாள். வலியில்லாத கழுத்துக்கு ஐந்து மாதம் தைலம்.

கரண்ட்டு

ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குப் பெருமை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் செக்‌ஷனில் ஒரு கிரேன் ஆபரேட்டர் இருந்தார். அமைதியான மனிதர். தினமும் வீட்டிலிருந்து எலுமிச்சம் சாதம் கொண்டுவந்து பாதியை எங்களுக்குக் கொடுத்துவிடுவார். அவருக்கு மனநிலை சரியில்லாமல் போய், இரண்டு மாதம் லீவில் வெளியூரில் வைத்தியம் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் முன்போலவே வேலை பார்த்தார். நாங்கள்தான் முன்போல இல்லை. அவருக்குக் கரண்ட் ஷாக் கொடுத்தார்கள் என்று யாரோ கிளப்பிவிட, அவருக்கு 'கரண்ட்டு' என்று பெயர் வைத்தோம். எலுமிச்சம் சாதத்தை யாரும் வாங்கவில்லை. அவர் தானாகவே எழுதிக் கொடுத்து வேறு பிரிவுக்கு மாறிப் போனார்.

அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நானில்லை. ஆனால் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அவரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு இத்தனை வருடம் கழித்து எனக்காகக் காத்திருப்பது போல் இருந்தது.

கன்வேயர் பாடம்

முதல் தடவை அந்த அறைக்குள் போனபோது, சினிமாவில் வருவது போல் படுக்கவைத்து ஊசலை ஆட்டுவார்களோ என்று பயந்தேன். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. மேசைமேல் டிஷ்யூ பெட்டி. சளி பிடித்தவர்களுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலோசகர் பெயர் ஷமீனா. முப்பது வயதிருக்கும். என் மகளின் வயது. இந்தப் பெண்ணிடம் நான் எதைச் சொல்வது?

"என்ன சார் வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கன்வேயர் பெல்ட்டைப் பற்றியே பேசினேன். பெல்ட் எத்தனை அகலம், எப்படி ஒட்டுவோம், மழைக்காலத்தில் களிமண் எப்படி உருளைகளில் அப்பிக்கொள்ளும். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நேரம் முடிந்ததும், "இன்னைக்கு நிறையத் தெரிஞ்சிக்கிட்டேன் சார். அடுத்த வாரம் உங்களப் பத்தியும் கொஞ்சம் சொல்லுங்க," என்றார்.

அந்த அடுத்த வாரம்தான் வாசலில் ஞானப்பிரகாசத்தைப் பார்த்தது.

வடலூர் தாண்டி

அன்றைக்கு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வெளியே வந்தபோது மனிதர் போயிருப்பார் என்று நினைத்தேன். கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குடித்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஒரே பஸ்ஸில் ஏறி, தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். குள்ளஞ்சாவடி வந்தது, குறிஞ்சிப்பாடி வந்தது. குள்ளஞ்சாவடியில் வேலுவின் கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை இருக்கிறது. அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

வடலூரில் கூட்டம் இறங்கியதும் ஞானப்பிரகாசம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம் பொஞ்சாதிய அடிச்சிட்டேன் வே," என்றார். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. ஏழு மாசம் ஆச்சு. ஒன் கோவத்துக்கு ஒரு வைத்தியம் பாத்துட்டு வா, அப்புறம் யோசிக்கேன்னுட்டா."

"மொத தடவையா?" என்று கேட்டேன்.

"இல்ல. அவ போனதுதான் மொத தடவ."

பஸ் டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்குள் திரும்பியது. இறங்கும்போது, "ஒமக்கு என்ன?" என்று கேட்டார். நான் நெஞ்சு வலி என்றேன். அதுவும் முழுப் பொய் இல்லை.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் சேர்ந்தே போனோம். அவர் உள்ளே இருக்கும்போது நான் வெளியே. நான் உள்ளே இருக்கும்போது அவர் வெளியே. முகத்துக்கு நேரே நாளிதழைப் பிடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஷிஃப்டுக்கு ஒழுங்காக வராத ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவனக் கொண்டுபோய் லூஸு டாக்டருகிட்ட காட்டுங்கப்பா," என்றார் ஒருவர். மேசை முழுக்கச் சிரித்தது. ஞானப்பிரகாசம் சோற்றைப் பிசைந்துகொண்டே தன் வழக்கமான குரலில், மூன்று மேசை தாண்டிக் கேட்கும்படி சொன்னார்.

"நான் போறேம்லா. புதன்கெழம தோறும் போறேன். எனக்கு எதும் குறையுதான்னு பாத்துச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் மோர் வேண்டும் என்று எழுந்து போனார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் போகிறேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஆனால் அந்த வாரத்துக்குள் இரண்டு பேர் ஞானப்பிரகாசத்தைத் தனியாகப் பிடித்து விசாரித்தார்கள். ஒருவர், மோர் வாங்கப் போனவர்.

எந்தப் பக்கத்திலிருந்து

ஆறாவது வாரம் என்று நினைக்கிறேன். ஷமீனா மேடத்திடம் விபத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே சொன்னேன். நெல்லிக்குப்பம், வெயில், நாய், டிராக்டர்.

"நாய் எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு சார்?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி நினைவுபடுத்திப் பார்க்கச் சொன்னதால் வந்த சாதாரணக் கேள்வி. ஆனால் ஆறு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"எடது பக்கம்," என்றேன். உடனே, "இல்ல, வலது," என்றேன்.

அவர் காத்திருந்தார். மின்விசிறி மேலே டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"நாய் வரலீங்க," என்றேன்.

"சரி சார். என்ன நடந்தது?"

"பின்னாடி ஒக்காந்து அவன் ஏதோ சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. சிரிச்சிக்கினே திரும்பி அவன் மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோதாங்க. மறுபடி முன்னாடி திரும்பல."

ஐம்பத்தாறு வயதில், மகள் வயதுப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. 'அழாதீங்க' என்று சொல்லவில்லை. அழுது முடியும்வரை அங்கேயே இருந்தார். பெட்டியைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். அது சளிக்காக வைத்த பெட்டி இல்லை என்று புரிந்தது.

பிறகு கேட்டார். "யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல. தனத்துகிட்ட சொல்லணுங்களா?"

"அத நீங்கதான் சார் முடிவு பண்ணணும். சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அவள் போய்விடுவாள் என்று பயந்தேன். அதைவிட, போகாமல் இருந்துகொண்டே என்னை மன்னித்துவிடுவாளோ என்றும் பயந்தேன். நெஞ்சை அடைப்பது அந்த மாதங்களில் குறைந்தது. மந்திரம் போட்ட மாதிரி போய்விடவில்லை. வரும்போது என்ன செய்வது, பாதத்தைத் தரையில் எப்படி ஊன்றுவது, மூச்சை எப்படி மெதுவாக விடுவது என்று கற்றுக்கொண்டேன். சுரங்கத்தில் மறுபடி அது வரவில்லை.

பலாச்சுளை

பலாப்பழக் காலம். ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் பேப்பரை விரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு தனம் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அந்த வாசனை. நான் எதிரில் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. நாய் வரவில்லை. நான் திரும்பினேன். வேலு சொன்னதைக் கேட்டுத் திரும்பினேன்.

அவள் கை நிற்கவில்லை. ஒவ்வொரு சுளையாக எடுத்தாள், கொட்டையை நீக்கினாள், பாத்திரத்தில் போட்டாள். பழம் முழுவதும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அப்ப கழுத்து வலி?"

"அதுவும் பொய்தான். கடலூர்ல ஒரு மேடம் இருக்காங்க, மனநல ஆலோசகர். அவங்ககிட்டதான் போய்க்கினு இருந்தேன்."

"அவன் என்னமோ சொன்னான்றீங்க. அன்னிக்கு நான் கேட்டப்ப ஒண்ணும் சொல்லலன்னீங்களே."

"அதச் சொன்னா, நான் திரும்பினதச் சொல்லணுமேன்னு..."

"அவன் கடசியா பேசினது," என்றாள். "ஆறு வருசமா நீங்களே வெச்சிக்கினு இருந்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் எண்ணெய்க் கையை உயர்த்தி நிறுத்தினாள். "வேணாம். இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க."

மறுநாள் காலை கோயம்புத்தூருக்கு, கவிதா வீட்டுக்குக் கிளம்பினாள். நான் பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று ஆட்டோவில் போனாள்.

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி

ஒன்பது நாள் அவள் பேசவில்லை. கவிதா மட்டும் தினமும் போன் செய்தாள். "அம்மா நல்லா இருக்காங்கப்பா. கேக்காதீங்க, நானும் கேக்கல." புதன்கிழமை ஷமீனா மேடத்திடம், சொன்னது தப்பாகிவிட்டது என்றேன். "கோபப்பட அவங்களுக்கு நேரம் வேணும் சார். நீங்க ஆறு வருஷம் எடுத்துக்கிட்டீங்க," என்றார்.

பத்தாம் நாள் முற்பகல் போன் அடித்தது. தனம்.

"அன்னிக்கு அவங்க வூட்டுல அவன் ஏதாவது சாப்ட்டானா?"

"கேசரி ரெண்டு தரம் வாங்கினான். பஜ்ஜியத் தொடல."

"எண்ணெ பலகாரம் அவனுக்கு ஒத்துக்காது," என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் அதே நேரம். "சட்டக் கைய மடிச்சி வுட்டிருந்தானா?"

"மடிச்சித்தான் வந்தான். நெல்லிக்குப்பம் வந்ததும் எறக்கி பட்டன் போட்டுக்கினான்."

அதற்கு அடுத்த நாள், "பொண்ணுகிட்ட தனியா பேசினானா?"

"அஞ்சு நிமிசம். வூட்டுக்குப் பின்னாடி, கெணத்துப் பக்கம்."

இப்படி ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. பத்து மணிக்கே போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஷிஃப்ட் இருந்த நாளில் மட்டும் மாலையில் பேசினாள். ஒவ்வொரு கேள்வியும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. பெண் வீட்டு வாசலுக்கு வந்தது. பைக்கில் ஏறியது. பிறகு இரண்டு நாள் போன் வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. "எதுக்குத் திரும்பினீங்க?"

"சொல்லவா?"

"சொல்லுங்க."

"'புடிச்சிருக்கு மாமா'ன்னான். 'அக்காகிட்ட நீங்க சொல்லிடாதீங்க, நான்தான் சொல்வேன்'னான். அப்புறம் சொன்னான், அந்தப் பொண்ணு தனியா பேசறப்ப, 'நீங்க கொறட்ட வுடுவீங்களா'ன்னு கேட்டுச்சாம். இவன், 'தூங்கறவனுக்கு எப்படிங்க தெரியும், எங்க அக்காவக் கேட்டுக்கினு வந்து சொல்றேன்'னானாம். அதுக்குதான் சிரிச்சேன். அதுக்குதான் திரும்பினேன்."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. நீண்டுகொண்டே போனது. கவிதா போனை வாங்கினாள்.

"என்னப்பா சொன்னீங்க? அம்மா சிரிக்கறாங்க... அழுவறாங்க... ரெண்டும்தாம்பா."

சோறு ஆறிப்போனது

அந்தச் சனிக்கிழமை தனம் வந்துவிட்டாள். நான் சாம்பார் வைத்திருந்தேன், சோறு வடித்திருந்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தட்டில் பரிமாறினேன். அவள் கை வைக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்னு, வேலு அடுத்த வாரம் போலாம்க்கா, நீயும் வா அப்படின்னான். சமையல்கட்டுல வந்து சொன்னான். நீங்க வெளிய வண்டி தொடச்சிக்கினு இருந்தீங்க. நான்தான், நல்ல எடம், தள்ளிப் போட்டா போயிடும், கெளம்புன்னு தொரத்தி வுட்டேன். அவன் போலாம்னே சொல்லல. நான்தான் அனுப்பினேன்."

எனக்கு இது தெரியாது. ஆறு வருடம் ஒரே வீட்டில், ஒரே படத்துக்குக் கீழே, நான் ஒன்றை வைத்துக்கொண்டிருந்த மாதிரி அவளும் ஒன்றை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

'அதுல உன் தப்பு என்ன இருக்குது, வுடு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக அவள் எதைச் சொன்னாலும் நான் சொல்கிற வார்த்தை அதுதான். 'வுடு'. அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்த அறையில் எது உதவியது என்று இப்போது தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லு தனம்," என்றேன்.

அவள் சொன்னாள். வேலுவுக்கு அம்மை போட்டிருந்தபோது தூக்கிக்கொண்டு நடந்ததில் ஆரம்பித்து, காய்ச்சலோடு வாசலில் நின்று எங்களுக்குக் கையாட்டியது வரை. அதற்குப் பிறகும் சொன்னாள். எனக்குத் தெரிந்த சங்கதிகளும் இருந்தன, தெரியாதவையும் இருந்தன. குறுக்கே பேசாமல் கேட்டேன். சாம்பார் ஏடு கட்டியது. வெளியே இரண்டாவது ஷிஃப்ட் பஸ் போகும் சத்தம் கேட்டது.

ஞானப்பிரகாசத்தின் மனைவி இந்தப் பொங்கலுக்கு வந்தார். இன்னும் இருக்கிறார். 'பாத்துக்கிட்டு இருக்கேன்' என்று மட்டும்தான் சொல்கிறாராம். ஞானப்பிரகாசத்திடம், உங்கள் கோபம் போய்விட்டதா என்று நான் கேட்டதற்கு, "வருது வே. வந்தா வெளிய போயி மார்க்கெட் வரைக்கும் நடந்துட்டு வாரேன். இப்ப மார்க்கெட்ல எல்லாரையும் தெரியும்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் தனம் பேசி முடித்தபோது மணி மூன்று இருக்கும். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். உப்பு போதவில்லை என்றாள். எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தேன்.

மூன்றாவது வாய்க்கு முன்னால் நிறுத்தி, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, அந்த மேடம் பொம்பளைங்களையும் பாப்பாங்களா?"